காளான் படுக்கையில் பச்சைப் பூசணம்: மருந்து எங்கே உதவும், எங்கே உதவாது

சென்ற ஐப்பசி மழையின்போது ஒரு காலை, நம் அறக்கட்டளையின் உதவியோடு வீட்டுப் பின்கட்டில் சிப்பிக் காளான் வளர்க்கும் சகோதரி ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பாலித்தீன் பை. "பாய், படுக்கையெல்லாம் பாசி பிடிச்சுப் போச்சு. உரக்கடையில கேட்டேன், இந்தப் பொடியக் கலக்கி அடிங்கன்னாங்க. நேத்து அடிச்சேன். இன்னைக்குப் பக்கத்துப் பையில நல்லாப் பூத்திருக்கு. அதைப் பறிச்சு விக்கலாமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "இரண்டு நாள் விற்க வேண்டாம், விசாரித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நம் வட்டாரத்தில் இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முதலீடு சிறிது. பத்துப் படுக்கை கெட்டால் ஒரு மாத வருமானம் போய்விடும். ஆகவே சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், அது பாசி அல்ல. பாசிக்கு வெளிச்சம் வேண்டும், இதற்கு வேண்டாம். இது டிரைக்கோடெர்மா என்னும் பூசணம். காளானும் ஒரு பூசண வகைதான், எனவே இரண்டும் ஒரே இலையில் சாப்பிட உட்கார்ந்த இரு விருந்தாளிகள் போல. வைக்கோலில் உள்ள சத்து இரண்டுக்கும் வேண்டும். யார் முந்துகிறாரோ அவருக்கு இலை. டிரைக்கோடெர்மா வேகமாக வளரும். அது மட்டுமின்றி, பக்கத்தில் உள்ள வேறு பூசணத்தைக் கரைத்து உண்ணும் நொதிகளையும் சுரக்கும். அதனால் காளானுக்கு அது போட்டியாளர் மட்டுமல்ல, எதிரியும்கூட.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே டிரைக்கோடெர்மாவின் ஓர் இனத்தைத்தான் நம் விவசாயிகள் 'விரிடி' என்று பொட்டலமாக வாங்கி, நிலக்கடலைக்கு வேரழுகல் வராமலிருக்க விதையோடு கலக்கிறார்கள். வயலில் அது நண்பன். பயிரைத் தாக்கும் பூசணங்களை அது தின்று தீர்க்கிறது. பூசணத்தையே பயிராக வளர்ப்பவர் வீட்டில் அதே குணம் கேடாகிவிடுகிறது. வீட்டில் வயலும் உண்டு, காளான் குடிலும் உண்டு என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விரிடிப் பொட்டலத்தைக் குடிலுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. விதை நேர்த்தி செய்த கையோடும் உடையோடும் குடிலுக்குள் போகக் கூடாது.

அடையாளம் காண்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தொடக்கத்தில் இந்தப் பூசணம் வெள்ளையாகத்தான் இருக்கும். காளான் வித்து பரவுவதும் வெள்ளைதான். ஆகவே முதல் சில நாட்கள், 'வித்து நன்றாக ஓடுகிறது' என்று நாம் மகிழ்ந்துகொண்டிருப்போம். பிறகு ஒரு நாள் அந்த வெள்ளையின் நடுவே பச்சை தெரியும். அந்தப் பச்சைதான் அதன் விதைத்தூள். பச்சை தெரியும்போது அது வேர் பிடித்து, வளர்ந்து, அடுத்த தலைமுறைக்குத் தூளையும் தயாரித்துவிட்டது என்று பொருள். பையைத் தட்டினால், ஊதினால், ஏன், மேலே தண்ணீர் தெளித்தாலே அந்தத் தூள் அறை முழுவதும் பறக்கும். அந்தச் சகோதரி விசைத்தெளிப்பானால் மருந்தடித்தபோது நடந்ததும் இதுவே. நான்கு பையில் இருந்தது ஒரு வாரத்தில் பதினொரு பைக்குப் போனது. மருந்து சென்ற வேகத்தைவிடத் தூள் சென்ற வேகம் அதிகம்.

படுக்கையில் தானாக முளைக்கும், நீண்ட மெல்லிய காம்புள்ள சிறு குடைகள் ஓரிரு நாளில் கறுத்து மை போல ஒழுகுவதையும் சிலர் இதே நோய் என்று நினைக்கிறார்கள். அது வேறு. வைக்கோல் சரியாக வேகவில்லை, ஈரம் கூடிவிட்டது என்பதற்கு அது அறிகுறி. பிடுங்கிப் போட்டால் போதும்.

பச்சைப் பூசணம் நம் ஊர்க் குடிசைத் தொழிலின் கோளாறு என்று யாரும் குன்றிப்போக வேண்டாம். 1985-இல் வட அயர்லாந்தில் மொட்டுக் காளான் பண்ணைகளில் இது பெருநோயாக வெளிப்பட்டது. அங்கும் அந்நாட்களில் மட்கிய எருவை ஓரிடத்தில் தயாரித்துப் பைகளில் அடைத்து, சிறு குடும்பப் பண்ணைகளுக்கு விநியோகிக்கும் முறை இருந்தது. நாம் ஓரிடத்தில் வைக்கோலை வேகவைத்துப் பத்து வீட்டுக்குப் பிரித்துக் கொடுப்பது போலத்தான். ஓரிடத்தில் கலந்த கேடு வீடுதோறும் போய்ச் சேர்வதற்கு இது தோதான வழி. 1990-களின் தொடக்கத்தில் கனடாவிலும், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலும் இது பரவிப் பண்ணையாளர்களுக்குப் பெருத்த நட்டத்தை உண்டாக்கியது. அந்தக் கொடிய வகைக்கு 2002-இல்தான் தனிப்பெயர் சூட்டினார்கள். சிப்பிக் காளானைத் தாக்கும் தனி இனங்கள் கொரியாவிலும் ஐரோப்பாவிலும் பின்னர் அடையாளம் காணப்பட்டன.

பென்சில்வேனியாவில் அவர்கள் எடுத்த நடவடிக்கை நமக்குப் பாடமாக இருக்கிறது. பெனோமில் என்னும் பூசணக்கொல்லியைப் படுக்கையின் மேல் தெளிப்பதை விட்டு, காளான் வித்தாகிய தானியத்தின் மேலேயே தூவிப் பூசினார்கள். காரணம், டிரைக்கோடெர்மா முதலில் பிடிப்பது அந்தத் தானியத்தைத்தான். அது நல்ல பலன் தந்தது. ஆனால் சில ஆண்டுகளில் பெனோமிலுக்கு அசையாத டிரைக்கோடெர்மா அங்கே தோன்றிவிட்டது. இந்த வகை மருந்து பூசண உயிரணுவுக்குள் ஒரே ஒரு புரதத்தைப் பிடித்துத்தான் வேலை செய்கிறது. அந்தப் புரதத்தில் ஓர் எழுத்து மாறினாலும் மருந்துக்குப் பிடி கிடைக்காது. பூட்டு மாறினால் பழைய சாவி பயன்படாததைப் போல.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் கார்பென்டசிம் (பாவிஸ்டின் என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும்) அதே குடும்பம். சொல்லப்போனால் பெனோமில் தண்ணீரில் சிதைந்து உருவாகும் பொருளே கார்பென்டசிம்தான். ஆகவே, 'இது கேட்கவில்லை, அதை வாங்கி அடிப்போம்' என்று இந்த இரண்டுக்குள் மாற்றுவதில் பயனில்லை. பெனோமிலை 2018-இல் நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். பழைய பொட்டலம் யாரிடமாவது இருந்தால் வாங்க வேண்டாம்.

காளானும் பூசணம், நோயும் பூசணம் என்னும்போது, பூசணக்கொல்லி காளானை மட்டும் விட்டுவிடுவது எப்படி? இந்த ஐயம் எனக்கும் இருந்தது. இரண்டும் பூசண உலகின் வெவ்வேறு பெருங்குடும்பங்கள். கார்பென்டசிம் வகை மருந்து டிரைக்கோடெர்மா சார்ந்த குடும்பத்தைக் கடுமையாகத் தாக்கும். காளான்கள் சார்ந்த குடும்பம் அதைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். ஆனால் தாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. 'கொஞ்சம் கூடப் போட்டால் நல்லாக் கேட்கும்' என்று கையளவாகப் போட்டால் வித்தும் ஓடாது. எங்கள் பயிற்சிக் கூடத்திலேயே ஒருமுறை இது நடந்தது. கரண்டியால் அளந்தோம், அந்தத் தொகுதியில் வித்து பாதி வழியில் நின்றுவிட்டது. மருந்தின் மேல் பழியைப் போட முடியாது, பிழை எங்களுடையது.

சரி, மருந்துக்கு உரிய இடம் எது? வைக்கோலை ஊறவைக்கும் தொட்டி. இந்தியாவில் சிப்பிக் காளானுக்குப் பரவலாகச் சொல்லப்படும் இரசாயன முறை இதுதான்: 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாயில் 90 லிட்டர் தண்ணீர். அதில் 10 கிலோ நறுக்கிய காய்ந்த வைக்கோலை அமிழ்த்த வேண்டும். வேறொரு வாளியில் 50 சதவீத கார்பென்டசிம் தூள் 7.5 கிராம், ஃபார்மலின் 125 மில்லி, இரண்டையும் 10 லிட்டர் தண்ணீரில் கலந்து வைக்கோல் மேல் மெதுவாக ஊற்ற வேண்டும். வைக்கோலை அழுத்திப் பாலித்தீன் தாளால் மூடி 16 முதல் 18 மணி நேரம் வைத்து, பிறகு வடித்து, நிழலில் உலர்த்த வேண்டும். கையில் இறுக்கிப் பிழிந்தால் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும். அதுவே ஈரப்பதம்.

7.5 கிராம் என்பதைத் தேக்கரண்டியால் அளக்க முடியாது. நகைக்கடைத் தராசு போன்ற ஒன்று வேண்டும். அதே தொட்டித் தண்ணீரில் மருந்தைக் கூட்டிக் கூட்டி அடுத்த தொகுதியையும் ஊறவைப்பது தவறு. அப்போது அளவு என்ன என்று யாருக்கும் தெரியாது.

ஃபார்மலின் பற்றி நான் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. அது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் அதைச் சேர்த்துவிட்டது. கார்பென்டசிமோ, கருவில் உள்ள குழந்தைக்கும் ஆண்களின் பிள்ளைப்பேற்றுத் திறனுக்கும் கேடு செய்யக்கூடியது என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. அங்கே அதற்கான அனுமதி 2014-இல் முடிந்து போனது. நம் நாட்டிலும் 2020-இல் தடை செய்யலாம் என்று அரசு வெளியிட்ட 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலில் அதன் பெயர் இருந்தது. எனவே கருவுற்ற சகோதரிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்தத் தொட்டியின் பக்கம் போகவே கூடாது. வீட்டு ஆண்கள் செய்யட்டும். அவர்களும் ரப்பர் கையுறை, கண்ணாடி அணிந்து, திறந்த வெளியில் செய்யட்டும். 'என் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், யார் செய்வது' என்று கேட்பவர்களுக்கு என் பதில், இரசாயன முறையே வேண்டாம் என்பதுதான். வெந்நீர் முறைக்கு வாருங்கள்.

வடித்த தண்ணீரைக் கிணற்றடியிலோ குளத்து வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். மீன்களுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் கார்பென்டசிம் கடும் நஞ்சு. காளான் முடிந்த வைக்கோலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. மருந்தில் ஊறிய வைக்கோலை அப்படிப் போடக் கூடாது. குர்பானிக்கென்று பாசமாக வளர்க்கும் குட்டிக்கு இதைத் தின்னக் கொடுத்த ஒரு வீட்டை நானே பார்த்தேன். நல்ல வேளை, அது வெந்நீரில் வெந்த வைக்கோல்.

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். சிப்பிக் காளானில் மொட்டு தெரிந்து மூன்று நான்கு நாளில் பறித்துவிடுகிறோம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் மருந்தடித்தால் இத்தனை நாள் பொறுத்துப் பறிக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. காளானுக்கு அப்படிப் பொறுக்க நாளே கிடையாது. பொறுத்தால் காளான் விரிந்து கெட்டுவிடும். அதற்குத் தோல் இல்லை, உரித்து எறிய முடியாது. தண்ணீரை உறிஞ்சுவது போல மருந்தையும் உறிஞ்சும். எனவே மொட்டு வந்த படுக்கையின் மேலும், மொட்டு வந்த அறைக்குள்ளும் பூசணக்கொல்லி தெளிக்கவே கூடாது. தெளித்துவிட்டால் அந்தப் பறிப்பை விற்கவும் கூடாது, வீட்டில் சமைக்கவும் கூடாது. குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகாது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சகோதரி ஏறக்குறைய மூன்று கிலோவைக் குழி தோண்டிப் புதைத்தார். கண் கலங்கினார். அவரிடம் எனக்கு மரியாதை கூடியது.

தெளித்ததால் நோய் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. பச்சை தெரிவது மேற்பரப்பில். அதன் இழைகள் வைக்கோலுக்குள் ஆழமாக ஓடியிருக்கும். மேலே தெளிக்கும் மருந்து அங்கே போய்ச் சேராது.

அப்படியானால் பச்சை கண்டதும் செய்வது என்ன? வித்து பரவும் நாட்களில், அதாவது முதல் பத்து நாளுக்குள் பச்சை தெரிந்தால், அந்தப் படுக்கையில் காளான் தோற்றுவிட்டது என்று கொள்ளுங்கள். பையைத் திறக்காமல், தட்டாமல், பெரிய பாலித்தீன் பையை மேலிருந்து போர்த்தி, வாயைக் கட்டி, குடிலுக்கு வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள் அல்லது எரியுங்கள். 'பாதிதான் கெட்டிருக்கிறது, மீதி பூக்குமே' என்ற ஆசைதான் குடில் முழுவதையும் கெடுக்கிறது. முதல் பறிப்பு முடிந்த பழைய படுக்கையில் நாணய அளவுக்கு ஒரு புள்ளி வந்தால், ஈரத்துணியால் அதை மூடி, தூள் பறக்காமல், சுற்றிலும் நல்ல பகுதியும் சிறிது சேர வெட்டி எடுத்து, அந்த இடத்தில் சுண்ணாம்புத் தூளோ உப்போ வைக்கலாம். இது நோயைத் தீர்க்காது, பரவுவதைத் தாமதப்படுத்தும். அந்தப் படுக்கையைத் தனியே வைத்துவிட வேண்டும்.

குடிலுக்குள் செல்லும் வரிசையும் முக்கியம். முதலில் புதிய படுக்கைகள், பிறகு பூக்கும் படுக்கைகள், கடைசியில் நோய் கண்டவை. திரும்பி வரக் கூடாது. நோய்ப் படுக்கையைத் தொட்டவர் கை கால் கழுவி, உடை மாற்றாமல் வித்துப் பையைத் தொடக் கூடாது. ஈக்களும் சிலந்திப் பேன்களும் காலில் தூளைச் சுமந்து செல்லும். செங்கல் நிறத்தில் மிளகாய்த்தூள் கொட்டினாற்போல நுண்ணிய பேன்கள் கூட்டமாகத் தெரிந்தால், அங்கே பச்சைப் பூசணம் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அவை அதைத் தின்று வாழ்பவை. சன்னலுக்கும் கதவுக்கும் கொசுவலையைவிட நெருக்கமான வலை அடித்துவிடுங்கள்.

வருமுன் காப்பதற்கு நான் நம்புவது வெந்நீர் முறையை. வைக்கோலைப் பச்சைத் தண்ணீரில் 4 அல்லது 5 மணி நேரம் ஊறவைத்து, பிறகு 80 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் 1 மணி நேரம் வேகவைக்க வேண்டும். விறகுச் செலவு உண்டு. அதனால்தான் பலர் இரசாயனத்துக்குப் போகிறார்கள். நமது தோல்விகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்கின: அண்டாவில் வைக்கோலை அழுத்தி நிரப்பியதால் நடுவில் சூடு ஏறவில்லை, அல்லது மேலே மிதந்த வைக்கோல் வேகவில்லை. கம்பிக்கூடையில் போட்டு, மேலே கல் வைத்து அமிழ்த்துங்கள். ஒரு வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். கொதிக்கிறது என்று கண்ணால் பார்ப்பது போதாது.

விறகு வாங்க இயலாதவர்கள் நீற்றிய சுண்ணாம்பு கலந்த தண்ணீரில், 100 லிட்டருக்கு 1 கிலோ அளவில், இரவு முழுவதும் வைக்கோலை ஊறவைத்துப் பார்க்கலாம். டிரைக்கோடெர்மாவுக்குப் புளிப்புப் பிடிக்கும், காரம் பிடிக்காது. சிப்பிக் காளான் அந்தக் காரத்தை ஓரளவு தாங்கும். வெந்நீர் அளவுக்கு இதை நம்ப முடியாது. மழை மாதங்களில் நான் பரிந்துரைக்க மாட்டேன். சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வைக்கோல் எப்படி வெந்தாலும், அறுவடையாகி மழையில் நனைந்து கறுத்த வைக்கோலை வாங்கினால் எல்லாம் வீண். பொன்னிறமாக, முறுமுறுப்பாக இருக்க வேண்டும். வித்துப் பையை வாங்கும்போதே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முழு வெள்ளையாக இருக்க வேண்டும். ஒரு தானியத்தில் பச்சையோ கறுப்போ தெரிந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விலை குறைத்துத் தருகிறேன் என்பார்கள், மயங்க வேண்டாம். விளைச்சல் கூடும் என்று தவிட்டை அள்ளிப் போடுவதும் பூசணத்துக்கே விருந்து வைப்பதாகும். கோடையில் படுக்கைகளை நெருக்கித் தொங்கவிட்டால் உள்ளே சூடு 30 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் சிப்பிக் காளான் சோர்ந்துவிடும், டிரைக்கோடெர்மா சோராது.

ஒரு சுற்று முடிந்ததும் பழைய படுக்கை அனைத்தையும் அகற்றி, குடிலைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவி, ஒரு வாரமாவது காயப் போடுங்கள். 'சும்மா கிடக்கிறதே' என்று அடுத்த நாளே புதுப் படுக்கை கட்டியவர்கள்தான் மழைக்காலத்தில் அதிகம் இழந்தார்கள்.

அறக்கட்டளை அலுவலகத்தில் இப்போது ஒரு மின்னணுத் தராசும், இரண்டு வெப்பமானிகளும், கம்பிக்கூடைகள் நான்கும் வாங்கி வைத்திருக்கிறோம். இரவல் பதிவேட்டில் கையெழுத்திட்டு மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம். படுக்கையில் ஏதேனும் நிறம் மாறினால் பையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், வழியெல்லாம் தூள் கொட்டும். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், அஸருக்குப் பிறகு நான் அலுவலகத்தில் இருப்பேன்.